மூன்று மனு, ஒரு சாவி

ஓசூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் சூசைமேரி வேலைக்குச் சேர்ந்து நாலு வருஷம் ஆகிறது. இந்த நாலு வருஷத்தில் எத்தனையோ கெட்ட சேதிகளுக்கு அவள் இணைப்புக் கொடுத்திருக்கிறாள். மாமனார் செத்த சேதி, மாங்காய் லாரி கவிழ்ந்த சேதி, மாப்பிள்ளை வீட்டார் மனம் மாறிவிட்ட சேதி என்று எல்லாம் அவள் விரல் வழியாகத்தான் போயின. ஆனால் தன் தலையில் விழப்போகிற இடிக்குத் தானே கம்பி இழுத்துக் கொடுக்க வேண்டி வரும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை.

அறுபத்தெட்டாம் வருஷம், புரட்டாசி முடிய நாலு நாள் இருந்தது. காலை பதினோரு மணிக்கு நாராயணப்பன் குடையை உதறிக்கொண்டு தபாலாபீசுக்குள் வந்தார். பெரிய மண்டிக்காரர் வீட்டுச் சாந்தம்மாவின் காரியஸ்தர் அவர். எக்ஸ்சேஞ்சு அதே கட்டடத்தில்தான், ஒரு பலகைத் தடுப்புக்கு அப்பால் இருந்தது. அவர் பேசுவது தடுப்புக்கு அப்பால் மட்டுமல்ல, கோட்டை மேடு வரைக்கும் கேட்கும்.

"கிருஷ்ணகிரிக்கு ஒரு டிரங்க் கால் போடணும்மா. உர வியாபாரி தீர்த்தகிரி. அவரேதான் பேசணும். வேற யாரு எடுத்தாலும் வேணாம்."

ஆள் பெயர் சொல்லிப் போடுகிற கால் அது. அந்த ஆள் இல்லையென்றால் இணைப்புக் கிடையாது, அவர் வருகிற நேரத்துக்கு மறுபடி கூப்பிட வேண்டும். சூசைமேரி சீட்டில் குறித்துக்கொண்டு கிருஷ்ணகிரியை அழைத்தாள். லைன் கிடைக்கிற வரைக்கும் நாராயணப்பன் சும்மா இருப்பாரா? தபால்தலை விற்கிறவரிடம் வாயைத் திறந்தார்.

"எங்கம்மா அந்தப் பெங்களூர் ரோட்டுப் பட்டுக்கூட்டுக் கொட்டகைய ஏதாச்சும் பொதுக்காரியத்துக்கு தானமா எழுதி வெச்சிட்டு மைசூர்ல மக வூட்டுக்குப் போலாம்னு இருந்தாங்கோ. யாரோ நட்புச் சங்கமாம், எழுதிக் கேட்டாங்கோ. சரி, நல்ல காரியம்தானேன்னு பாத்தா, ஒரே நாள்ல மூணு சங்கம் எழுதிப் போட்டிருக்குதுங்க! தமிழ்ல ஒன்னு, கன்னடத்துல ஒன்னு, தெலுங்குல ஒன்னு. மூணு பேரு, மூணு சீலு, மூணு கையெழுத்து. ஒவ்வொருத்தனும் 'வேறு யாருக்கும் தராமல் எங்களுக்கே தந்தருள வேண்டும்'னு கேக்கறான். ஊரு ரெண்டுபட்டா கூத்தாடிக்குக் கொண்டாட்டம்பாங்க, இது மூணா பட்டிருக்குது. எங்கம்மா பயந்துட்டாங்கோ. 'ஒருத்தருக்குக் குடுத்தா மத்தவங்க கல்லெடுப்பாங்க நாராயணப்பா, உர மூட்டை போட வாடகைக்கே வுட்டுடலாம். மூட்டை எந்தப் பாசையும் பேசாது'ன்னுட்டாங்கோ."

சூசைமேரிக்குக் காதில் மாட்டியிருந்த கருவி சுட்டது. மூன்று சங்கமா? ஐயோ, ஒரே சங்கம்தானே! மூன்று மனு எழுதலாம் என்ற யோசனையைச் சொன்ன புண்ணியவதியும் இவள்தானே!

இந்த இடத்தில் அந்தச் சங்கத்தின் லட்சணத்தைச் சொல்லிவிட வேண்டும். தமிழில் அதற்கு நட்பு மன்றம் என்று பெயர். கன்னடத்தில் கெளெயர பளக. தெலுங்கில் மித்ர மண்டலி. ஆள் என்னவோ அதே நாற்பது பேர்தான். மொழி என்று சொன்னாலே ஊருக்கு ஊர் கல் பறந்த காலம் அது. அதனால் மன்றத்தார் தராசு பிடித்த மாதிரி நடந்துகொண்டார்கள். ஒரு காரியதரிசி இருந்தால் மற்ற இரண்டு மொழிக்காரருக்கும் மனம் கோணுமே என்று மூன்று காரியதரிசி. நோட்டீசில் எந்த மொழி மேலே, எந்த மொழி கீழே என்ற வம்பே வேண்டாமென்று வட்டமாக வெட்டிய அட்டையில் சுற்றிச் சுற்றி எழுதுவார்கள். படிக்கிறவன் தலையைச் சாய்த்துச் சாய்த்துக் கழுத்துச் சுளுக்கிப் போவான். இதையெல்லாம் தூக்கிச் சாப்பிடுகிற விதி ஒன்றும் இருந்தது. மன்றத்துக்குள் யாரும் தன் தாய்மொழியில் பேசக்கூடாது, அடுத்தவர் மொழியில்தான் பேச வேண்டும். அதனால் தெலுங்கரான சைக்கிள் கடை வெங்கடசாமிக்குத் தமிழ் தண்ணீர் பட்ட பாடு. கன்னடக்காரரான தையற்காரர் திம்மராயன் தெலுங்கில் கதாகாலட்சேபமே செய்வார். தமிழச்சியான சூசைமேரி கன்னடத்தில் கோபித்துக்கொள்வாள். இந்த மூவரும்தான் அந்த மூன்று காரியதரிசிகள்.

எல்லாம் இருந்தது, இடம்தான் இல்லை. குட்டியைத் தூக்கிக்கொண்டு ஏழு வீடு மாறுகிற பூனை போல ஆறு வருஷத்தில் ஏழு இடம் மாறிவிட்டார்கள். அரிசி மில்லின் பின்கட்டில் பாடினால் உமி மூக்கில் ஏறிப் பாட்டு தும்மலில் முடிந்தது. பள்ளிக்கூட வகுப்பறையில் பரீட்சை வந்துவிட்டது. கடைசியாக ஆர்மோனியம் வெங்கடசாமி கடையிலும், நாடக உடுப்புகள் திம்மராயன் கடையிலும், புத்தக அலமாரி சூசைமேரியின் வாடகை அறையிலுமாகச் சிதறிக் கிடந்தன. போன சனிக்கிழமை கூடி, தீபாவளிக்குள் நிலையாக ஓர் இடம் கிடைக்காவிட்டால் மன்றத்தைக் கலைத்துவிடுவது என்று தீர்மானமே போட்டாகிவிட்டது. அதை எழுதும்போது சூசைமேரியின் கண்ணீர் ஒரு சொட்டு மையில் விழுந்தது. அந்த ஊரில் அவளுக்கென்று இருந்தது சனிக்கிழமை சாயங்காலம் ஒன்றுதான். மற்ற ஆறு நாளும் அவள் யாரோ ஊராருக்கு யாரோ ஊராரைப் பேசவைத்துக் கொண்டிருந்தாள்.

சாந்தம்மாவின் கொட்டகை பற்றித் தெரிந்ததும் மனு எழுத உட்கார்ந்தார்கள். ஒரே தாளில் எந்த மொழியை முதலில் எழுதுவது என்று இரண்டு மணி நேரம் வழக்கு நடந்தது. "மூணு தாள்ல தனித்தனியா எழுதிடலாமே" என்று சூசைமேரிதான் சொன்னாள். எல்லாரும் கைதட்டினார்கள். எது முந்திப் போய்ச் சேருமோ என்று அதற்கும் ஒரு கவலை வந்து, மூன்று உறையையும் ஒன்றாகப் பிடித்து ஒரே நேரத்தில் பெட்டிக்குள் போட்டார்கள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது இப்படித்தான்.

கிருஷ்ணகிரி லைன் கிடைத்துவிட்டது. சூசைமேரியின் கையில் கம்பி இருந்தது. "லைன் கிடைக்கலீங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மழைக்காலம், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஆனால் அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து இதுவரை பொய் சொன்னதில்லை. மாதாவே, நீயே பார்த்துக்கொள் என்று கம்பியைச் செருகினாள்.

எதிர்முனையில் யாரோ எடுத்து, தீர்த்தகிரி குருபரப்பள்ளிக்குப் போயிருக்கிறார், நாலு மணிக்குத்தான் வருவார் என்றார்கள்.

"நாலு மணிக்கு மறுபடி போடுவோம். அப்ப வந்து பேசிக்குங்க" என்றாள் சூசைமேரி. நாராயணப்பன் குடையை விரித்துக்கொண்டு சாப்பிடப் போனார். மாதாவுக்கு மனதுக்குள் ஒரு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டாள்.

ஒரு மணிக்கு அவள் முறை முடிந்தது. மறுகணம் தெருவில் இருந்தாள். சாப்பாட்டுத் தூக்கு கையில் ஆட, சேற்றில் செருப்பு வழுக்க, திம்மராயன் கடைக்கு ஓட்டமும் நடையுமாகப் போனாள். அவர் தீபாவளித் துணிமலைக்கு நடுவில் தலை மட்டும் தெரிய உட்கார்ந்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் கால்சட்டைத் துணியில் ஒரு கோணல் வெட்டு விழுந்தது.

"அய்யய்யோ, இன்ஸ்பெக்டரு துணி! போவட்டும் வா மேரியம்மா. துணி போனா வாங்கிக்கலாம், கொட்டகை போனா கெடைக்குமா?"

வெங்கடசாமி ஒரு சக்கரத்தைக் கழற்றிப் போட்டுப் பஞ்சர் பார்த்துக்கொண்டிருந்தார். சைக்கிளுக்குச் சொந்தக்காரர் பக்கத்திலேயே நின்றார். "அண்ணா, இங்கயே இருங்க, யாராச்சும் வந்தா நாலு மணிக்கு மேல வரச்சொல்லுங்க" என்று கடையை அந்த ஆள் தலையிலேயே கட்டிவிட்டுக் கிளம்பினார். கறுப்பு மசி கையைத் துடைக்கக்கூட இல்லை. மூன்று பேரும் தேர்ப்பேட்டைக்கு விரைந்தார்கள்.

சாந்தம்மா கூடத்தில் ஊருக்குக் கொண்டுபோகிற பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். அறுபது வயது இருக்கும். பிறந்தகத்தில் தெலுங்கு, புகுந்த வீட்டில் கன்னடம், மண்டியில் தமிழ் என்று மூன்றிலும் ஆட்களை விரட்டி வேலை வாங்கியவர்.

பெரிய மனுஷி வீடு என்ற மரியாதையில் மூவரும் பவ்யமாகப் பேசினார்கள். அதுவே வினையாயிற்று. திம்மராயன் சுத்தமான கன்னடத்தில் வணக்கம் சொல்லித் தன் பெயரையும் கெளெயர பளக என்ற பெயரையும் சொன்னார். வெங்கடசாமி தெலுங்கில் மித்ர மண்டலி என்றார். சூசைமேரி தமிழில் நட்பு மன்றம் என்றாள். சாந்தம்மா மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மூணு கட்சியும் சேந்தே வந்துட்டீங்களா? நல்லது."

"கட்சி இல்லீங்கம்மா. மூணும் ஒரே சங்கம்தாங்க. மனு மட்டும்தான் மூணு" என்றாள் சூசைமேரி.

"என்ன, நேத்து ராத்திரி ஒன்னாயிட்டீங்களா?" சாந்தம்மா சிரிக்கவில்லை. "கொட்டகை கைக்கு வர்ற வரைக்கும் ஒன்னு. வந்தப்புறம் குறுக்க ரெண்டு செவுரு எழுப்பி மூணு கதவு வெப்பீங்க. நான் பாக்காததா? எம் மாமனாருக்கு மூணு பசங்க. ஒரே வயித்துல பொறந்தவங்க, ஒரே பாசை பேசினவங்க. இந்த வூட்டையே பாரும்மா, வாசல்ல மூணு கதவு இருக்குதா இல்லியா?"

இருந்தது. சூசைமேரி வரும்போதே பார்த்திருந்தாள். சுவரில் கடிகாரம் இரண்டைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது.

"சரி, ஒன்னுதான்னு சொல்றீங்க. பத்திரத்துல ஒருத்தர் பேருதான் போட முடியும். பொறுப்பு யாருது? சொல்லுங்க பாப்போம்" என்றார் சாந்தம்மா.

மூன்று வாயும் ஒன்றாகத் திறந்தன. மூன்று வாயிலிருந்தும் மூன்று பெயர் வந்தது. திம்மராயன் வெங்கடசாமியைக் காட்டினார். வெங்கடசாமி சூசைமேரியைக் காட்டினார். சூசைமேரி திம்மராயனைக் காட்டினாள்.

அவ்வளவுதான். பற்றிக்கொண்டது.

"என் தலையில கட்டாதீங்க!" என்று வெங்கடசாமி தமிழில் பாய்ந்தார். "கடைய வுட்டுட்டு நான் நகர முடியுமா? மேரிதான் எழுதப் படிக்கத் தெரிஞ்ச பொண்ணு. அதுதான் சரி!"

"நீகு ஏமி தெலுசு!" என்று திம்மராயன் தெலுங்கில் அவர்மேல் எகிறினார். உனக்கு என்ன தெரியும், தீபாவளியானால் என்ன பொங்கலானால் என்ன, எனக்குத்தான் மூச்சுவிட நேரமில்லை, பஞ்சர் ஒட்டுகிறவனுக்கு என்ன கேடு என்று விளாசினார். போன நாடகத்தில் ராணி மேடைக்கு வந்த பிறகு வெங்கடசாமி விளக்குக்கு மண்ணெண்ணெய் வாங்கப் போன கதையும் வெளியே வந்தது. அந்த ராணியின் சேலையைத் திம்மராயன் ஒரு கல்யாண ரவிக்கைக்கு வெட்டிவிட்ட கதையை வெங்கடசாமி பதிலுக்கு எடுத்துவிட்டார்.

"சாக்கு, நில்லிசி!" என்று சூசைமேரி கன்னடத்தில் கத்தினாள். போதும், நிறுத்துங்கள், வந்த இடத்தில் மானத்தை வாங்குகிறீர்களே, பெரியவர்கள் இப்படியா நடப்பது என்று இரண்டு பேரையும் ஒரு பிடி பிடித்தாள்.

"மூணு கவரு யோசனையே உன்னுதுதானேம்மா!" என்று வெங்கடசாமி தமிழில் திருப்பிக் கேட்டார்.

"ஹௌது, தப்பு நன்தே!" என்றாள் அவள். ஆமாம், தப்பு என்னுடையதுதான், அதனால்தான் பொறுப்பு எனக்கு வேண்டாம் என்கிறேன், என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். எல்லாம் கெட்டது, கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை, இனி இந்தம்மா நம்மைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளப்போகிறார் என்று தோன்றியது.

திரும்பிப் பார்த்தால் சாந்தம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கே தெரியலியா?" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "கன்னடத்துக்காரன் தெலுங்குல திட்டறான். தெலுங்குக்காரன் தமிழ்ல திட்டறான். நீ கன்னடத்துல வெளுத்து வாங்கறே. கோவத்துல மனுசனுக்கு ஆத்தா மொழிதான் வரும்னு இத்தனை வருசம் நெனச்சிருந்தேன்."

சூசைமேரிக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருஷமாக அவர்கள் சண்டை போட்டதெல்லாம் மன்றத்துக்குள்தான். சண்டை என்று வந்தால் நாக்கு தானாகவே மன்றத்து வழிக்குப் போய்விட்டது.

"அதுகூடப் பெருசில்ல" என்று சாந்தம்மா தொடர்ந்தார். சிரிப்பு போய்க் குரல் கனத்திருந்தது. "இந்தக் கூடத்துல பாகம் பிரிச்சப்ப உரல் என்னுதுன்னான் ஒருத்தன், உலக்கை என்னுதுன்னான் இன்னொருத்தன். மூணாவது ஆளு எம் புருசன், கெணத்துக்கு நடுவுல கயிறு கட்டினாரு. உன்னுது உன்னுதுன்னு சண்டை போட்டு நான் இன்னைக்குத்தான் பாக்கறேன். ஏய் நாராயணப்பா! ஓடு, அந்தக் கிருஷ்ணகிரி போனை வேண்டாம்னு சொல்லிட்டு வா!"

சாப்பிட்டுவிட்டுப் பின்கட்டில் கண்ணயர்ந்திருந்த நாராயணப்பன் குடையை மறந்துவிட்டு ஓடினார். வெங்கடசாமி மசிக் கையோடு திம்மராயனைக் கட்டிப்பிடித்ததில் திம்மராயனின் வெள்ளைச் சட்டை வீணாயிற்று. சூசைமேரிக்குக் கால் தரையில் பாவவில்லை. துள்ளிக் குதிக்க வேண்டும் போலிருந்தது. முப்பது வயதில், அதுவும் அரசாங்க உத்தியோகத்தில் இருந்துகொண்டு குதிப்பதா என்று அடக்கிக்கொண்டாள்.

"இருங்க, இன்னும் முடியல" என்றார் சாந்தம்மா. "பேரு ஒன்னு வேணுமில்ல? திம்மராயா, உனக்கு வூடு எங்கே?"

"இதே தேர்ப்பேட்டைதாங்க. சொந்த வூடு."

"வெங்கடசாமிக்கு?"

"கடைக்குப் பின்னாலங்க. எங்கப்பன் கட்டினது."

"உனக்கும்மா?"

"எனக்கு இல்லீங்க. சிங்காரப்பேட்டைங்க நாங்க. இங்க வாடகைக்கு ஒரு ரூம்பு. எப்ப வேணா வேற ஊருக்கு மாத்திடுவாங்க. நான் வந்தவ, என் பேரு வேணாங்கம்மா" என்றாள் சூசைமேரி. அவள் மனதார அப்படித்தான் நினைத்தாள். நாலு வருஷமாக யார் எதைக் கேட்டாலும் அவள் இதே பதிலைச் சொல்லி ஒதுங்கிக்கொள்வது வழக்கம்.

"அப்ப நீதான்."

"அம்மா!"

"வூடு இருக்கறவன் கோவம் வந்தா எந்திரிச்சு வூட்டுக்குப் போயிடுவான். நீ எங்கே போவே? உக்காந்து சண்டைய முடிச்சு வெச்சுட்டுத்தான் எந்திரிப்பே. மாத்தினா அப்ப பாத்துக்கலாம். இவங்க ரெண்டு பேரும் உன்னுது உன்னுதுன்னு அடிச்சுக்கிட்டு இன்னொரு ஆளைப் புடிப்பாங்க." மடியிலிருந்து ஒரு சாண் நீளச் சாவியை எடுத்து அவள் கையில் வைத்து மூடினார். "போய்த் தொறந்து பாருங்க. நானும் வர்றேன்."

பெங்களூர் ரோட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் சேதி எப்படியோ முந்திக்கொண்டது. கொட்டகை வாசலில் பதினைந்து பேர் நின்றிருந்தார்கள். சூசைமேரி பூட்டில் சாவியை நுழைத்துத் திருப்பினாள். அசையவில்லை. வெங்கடசாமி திருப்பினார், திம்மராயன் திருப்பினார். ஆளுக்கொரு யோசனை, ஆளுக்கொரு மொழியில். சாந்தம்மா ஒதுங்கி நின்று ரசித்துக்கொண்டிருந்தார். கடைசியில் யாரோ தேங்காயெண்ணெய் கொண்டுவந்து ஊற்றினார்கள். சூசைமேரி இரண்டு கையாலும் பிடித்து அழுத்தினாள். பூட்டு வாயைத் திறந்தது. கூட்டம் போட்ட கூச்சலில் உள்ளேயிருந்த வௌவால்கள் அவர்கள் தலைக்கு மேலாகப் பறந்து வெளியேறின.

உள்ளே பழைய பட்டுக்கூட்டின் வாடை அடித்தது. ஆனால் எவ்வளவு பெரிய இடம்! இந்தக் கோடியில் நாடகம் போட்டால் அந்தக் கோடியில் தனியாகப் பாட்டு நடத்தலாம். வெங்கடசாமி மேடைக்கு அடி போட்டு அளந்தார். திம்மராயன் படுதாவுக்கு எத்தனை கெஜம் என்று கணக்குப் போட்டார். அலமாரியைத் தூக்கிவர நாலு பேர் சூசைமேரியின் அறைக்குப் புறப்பட்டே போய்விட்டார்கள். அவள் நடுக்கூடத்தில் நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். சந்தோஷத்தில் நெஞ்சு வலிக்கும் என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

அதற்குள் நாராயணப்பன் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். காலையில் போன் போட்டுக்கொடுத்த அம்மாவைச் சாவியும் கையுமாகப் பார்த்ததும் அசடு வழிந்தார். நாளைக்குப் பத்திர ஆபீசுக்குப் போக வேண்டுமே, நகல் எழுதிக்கொள்கிறேன் என்று கவிழ்த்த கூடையின் மேல் தாளை வைத்துக்கொண்டு குந்தினார்.

"பேரு சூசைமேரி. தகப்பனார்?"

"சவரியப்பன்."

"உத்தியோகம் தெரியும். ஊரு?"

சிங்காரப்பேட்டை என்ற வழக்கமான பதில் அவள் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. சாந்தம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். திம்மராயனும் வெங்கடசாமியும் மேடை எந்தப் பக்கம் என்று சண்டையை ஆரம்பித்திருந்தார்கள். வாசலில் அவளுடைய அலமாரியை நாலு பேர் தூக்கிக்கொண்டு, "வழி வுடுங்க, வழி வுடுங்க" என்று வந்துகொண்டிருந்தார்கள்.

"ஓசூர்னே எழுதுங்க" என்றாள் சூசைமேரி.

நாராயணப்பன் எழுதிக்கொண்டார்.